போர்க்காலத்தைச் சிரிப்புப் படமாக எடுக்கலாமா? 'லா கிராந்த் வத்ருய்' (1966) பற்றி

தொடக்கக் கேள்வி, டிசம்பர் 26

பிரான்சில் பண்டிகைக் காலத்தில் டிவியில் திரும்பத் திரும்பப் போடுகிற படம் என்று கேள்விப்பட்டு 'லா கிராந்த் வத்ருய்' பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். ஜெர்மன் ராணுவம் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. பிரிட்டிஷ் விமானிகளை ஒளித்து வைத்தவர்களைச் சுட்டுக் கொன்ற காலம். அதை வைத்து ஒரு பெயின்டரும் ஒரு இசை நடத்துநரும் ஓடி விழுந்து எழுந்து சிரிப்பு மூட்டுகிறார்கள். செத்தவர்களுக்கு இது அவமரியாதை இல்லையா? இந்தப் படத்தை விரும்புகிறவர்கள் இருந்தால் விளக்குங்கள்.

டிசம்பர் 26, இரவு

நான் விரும்புகிறவன். மிச்சப் பாதியையும் பாருங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் இருப்பது பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள திஜோனில். படத்தின் பின்பாதி நடக்கிற போன் (Beaune), மெர்சோ எல்லாம் எங்களுக்குப் பக்கத்து ஊர்கள். இங்கே வந்த புதிதில் பிரெஞ்சு சரியாகப் புரியாத நாட்களில் பார்த்த படம் இது. வசனம் பாதி பிடிபடாமலே சிரித்தேன். மொழி பிடிபட்ட பிறகு பார்த்தபோதுதான் இதில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதை: 1942 கோடை. பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் ஒன்று பாரிஸுக்கு மேலே அடிபடுகிறது. விமானிகள் பாராசூட்டில் குதிக்கிறார்கள். ஒருவர் வான்சேன் மிருகக்காட்சிசாலையில் விழுகிறார். ஒருவர் ஓப்பரா கட்டடத்தின் கூரையில். இன்னொருவர் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும் ஒகுஸ்தேன் புவேயின் தொங்கு சாரத்தில். ஓப்பராவில் இசைக்குழுவை நடத்தும் ஸ்தனிஸ்லாஸ் லெஃபோரும் இந்த ஒகுஸ்தேனும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இனி இருவரும் சேர்ந்து இந்த ஆங்கிலேயர்களை எல்லைக்கோட்டுக்குத் தெற்கே, ஜெர்மன் படை இன்னும் நுழையாத பகுதிக்குக் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும்.

என் வாதம் ஒன்றுதான். இந்த இருவரும் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தில் சேர்ந்தவர்கள் இல்லை. நாட்டுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஒருவனுக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டும். இன்னொருவருக்கு ஒத்திகை கெடக்கூடாது. வானத்திலிருந்து ஆபத்து தலையில் வந்து விழுகிறது. பயப்படுகிறார்கள், முணுமுணுக்கிறார்கள், தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு கணம்கூட அந்த ஆளைக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பதில்லை. படம் சிரிப்பது அவர்களுடைய பயத்தைப் பார்த்து. அவர்கள் செய்த உதவியை அது ஓர் இடத்தில்கூடக் கேலி செய்யவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

டிசம்பர் 26, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, ஒன்று சேர்க்கிறேன். 'சுட்டுக் கொன்ற காலம்' என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மை. 1941 செப்டம்பர் 22 தேதியிட்டு ஜெர்மன் ராணுவ நிர்வாகம் ஓர் அறிவிப்பைச் சுவர்களில் ஒட்டியது. எதிரி விமானிகளுக்கு நேராகவோ மறைமுகமாகவோ உதவும் ஆண்கள் உடனே சுடப்படுவார்கள். பெண்கள் ஜெர்மனியிலுள்ள வதைமுகாம்களுக்கு அனுப்பப்படுவார்கள். விமானிகளைப் பிடித்துக் கொடுத்தால் 10,000 பிராங்க் வரை பரிசு.

அந்தச் சுவரொட்டியின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குப் பெயின்டர் ஒகுஸ்தேன்தான் நினைவுக்கு வந்தான். அவன் அந்த அறிவிப்பைப் படித்திருப்பான். தினமும் அதன் முன்னால் நடந்திருப்பான். படத்தில் அந்தச் சுவரொட்டியைப் பெரிதாகக் காட்டத் தேவையே இல்லை, ஏனென்றால் 1966இல் டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்களில் நாற்பது வயது தாண்டிய பலர் அதை நேரில் பார்த்திருப்பார்கள். தண்டனை என்னவென்று அரங்கத்துக்கே தெரியும். தெரிந்தவர்களின் சிரிப்பு அது. இன்று நம்மைப் போலத் தெரியாமல் பார்க்கிறவர்களுக்கு வெறும் ஓட்டப்பந்தயமாகத் தெரிவதில் வியப்பில்லை.

டிசம்பர் 27

ஒருவர் கேட்கிறார்: ஆங்கிலத்தில் டப் செய்த பிரதி இருக்கிறதே, அதைப் பார்க்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இந்தப் படத்தின் நகைச்சுவையில் பெரும்பங்கு, பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சிலும் ஆங்கிலேயன் ஆங்கிலத்திலும் ஜெர்மானியன் ஜெர்மனிலும் பேசுவதில்தான் இருக்கிறது. அந்தக் காலத்துப் போர்ப் படங்கள் பலவற்றில் எல்லோரும் ஒரே மொழியை வேறு வேறு உச்சரிப்பில் பேசுவார்கள். இங்கே உதவி செய்கிறவனுக்கும் உதவி பெறுகிறவனுக்கும் பொதுமொழியே கிடையாது. துருக்கிக் குளியல் காட்சி அதற்கு உச்சம். ஆவி மண்டிய மண்டபம், இடுப்பில் துண்டு. ஆளை அடையாளம் காண 'டீ ஃபார் டூ' பாட்டைச் சீட்டியடிக்க வேண்டும். ஒகுஸ்தேனும் லெஃபோரும் சீட்டியடித்தபடி பெரிய மீசைக்காரர் ஒருவரைத் தேடுகிறார்கள். ஒருவரையொருவர் ஆங்கிலேயர் என்று நினைத்து, தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லை வைத்து முட்டி மோதிப் பேசிக்கொள்கிறார்கள். தேடப்படும் மீசைக்காரரோ, ஆளைத் தெரியக்கூடாது என்று மீசையை எடுத்துவிட்டு அங்கேயே இருக்கிறார். அந்த வேடத்தில் நடித்தவர் டெர்ரி-தாமஸ்.

பாஷை தெரியாத ஊரில் வந்து இறங்கி, எதிரில் நிற்பவர் உதவுவாரா மாட்டாரா என்று முகத்தை மட்டும் பார்த்துக் கணித்துப் பழகியவர்களுக்கு அந்தக் காட்சி சிரிப்போடு நிற்காது. எனக்கு நிற்கவில்லை. திஜோன் ரயில் நிலையத்தில் வழி கேட்டு நின்ற நாட்கள் ஞாபகம் வரும். வசனவரியோடு மூலப் பிரதியைப் பாருங்கள்.

டிசம்பர் 27, மாலை

"உலகத்திலேயே அதிக வசூல் செய்த பிரெஞ்சுப் படம், இன்றுவரை முறியடிக்கப்படவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. பிரான்சில் சாதனையைக் கணக்கிடுவது விற்ற டிக்கெட்டுகளை வைத்து. இந்தப் படத்துக்கு 1 கோடியே 72 லட்சம் டிக்கெட்டுக்கு மேல். நாட்டின் மக்கள்தொகை அப்போது சுமார் 5 கோடி. 1998இல் 'டைட்டானிக்' இதைத் தாண்டியது. பிரெஞ்சுப் படங்களில் முதலிடம் 2008 வரை இதனிடமே இருந்தது, அந்த ஆண்டு வேறொரு நகைச்சுவைப் படம் அதைப் பிடித்துக்கொண்டது. நாற்பது ஆண்டுக்கு மேல் முதலிடம் என்பதே போதும், கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் 28

நிஜத்தில் இப்படி விமானிகளைக் கடத்தினார்களா, இல்லை சினிமாவுக்காகச் செய்த கற்பனையா என்ற கேள்விக்கு வருகிறேன். நிதானமாக எழுத வேண்டிய பகுதி இது.

கற்பனை இல்லை. பல தப்பிக்கும் பாதைகள் இருந்தன. அவற்றில் எனக்கு மனதுக்கு நெருக்கமானது 'கோமேத்' பாதை. பிரஸ்ஸல்ஸில் தொடங்கி, பாரிஸ் வழியாக, பயோன் பக்கம் போய், பிரனீஸ் மலையைத் தாண்டி ஸ்பெயின், அங்கிருந்து ஜிப்ரால்டர், அங்கிருந்து இங்கிலாந்து. 1941இல் இதை உருவாக்கியவர் ஆந்த்ரே த ஜோங் என்ற பெல்ஜியப் பெண். அப்போது அவருக்கு 24 வயது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு பிரிட்டிஷ் படைவீரரையும் இரண்டு பெல்ஜியர்களையும் மலை தாண்டி அழைத்துக்கொண்டு பில்பாவோவிலுள்ள பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்தின் வாசலில் போய் நின்றார். இவ்வளவு தூரம் இந்தப் பெண் கூட்டி வந்தாளா என்று அவர்கள் முதலில் நம்பவில்லை, ஜெர்மனி அனுப்பிய வேவுக்காரியோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். அவர் கேட்டது வழிச்செலவுக்குப் பணம் மட்டும். பாதையை யார் நடத்துவது என்பதில் பிரிட்டிஷ் தலையீடு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

மலைப்பகுதியில் வழிகாட்டி ஃப்ளொரென்தினோ என்ற பாஸ்க் கடத்தல்காரர். இரவில் நடை, பிதசோவா ஆற்றைத் தண்ணீரில் இறங்கிக் கடப்பது, அப்புறம் மறுபடி ஏற்றம். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஆந்த்ரே தானே நடத்திக் கூட்டிப் போனார். 1943 ஜனவரியில் எல்லைக்குப் பக்கத்தில் உருய்ன் ஊர்ப் பண்ணைவீடு ஒன்றில் பிடிபட்டார். பாதையின் தலைவி நான்தான் என்று விசாரணையில் ஒப்புக்கொண்டார். ஜெர்மானியர்கள் நம்பவில்லை. இப்படி ஒரு சின்னப் பெண் தலைவியாக இருக்க முடியாது என்று நினைத்தார்கள். ரவென்ஸ்ப்ருக், மவுத்தவுசன் முகாம்களைத் தாண்டி உயிரோடு திரும்பினார். அந்தப் பண்ணைவீட்டின் பெண்மணி முகாமிலிருந்து திரும்பவில்லை. ஆந்த்ரேயின் அப்பாவை 1944 மார்ச் 28 அன்று பாரிஸுக்கு வெளியே மோன் வலேரியன் கோட்டையில் சுட்டுக் கொன்றார்கள். போருக்குப் பிறகு ஆந்த்ரே ஆப்பிரிக்காவில் தொழுநோய் மருத்துவமனைகளில் நர்ஸாக வேலை பார்த்தார். 2007இல் காலமானார்.

இப்போது படத்துக்குத் திரும்புவோம். நிஜப் பாதைகளில் விமானிகளை நடத்திப் போனவர்கள் சந்தித்த சிக்கல்களைப் படித்தால் அவற்றைப் போன்ற பல இந்தப் படத்தில் சிரிப்புக் காட்சிகளாக இருக்கின்றன. வாயைத் திறந்தால் ஆபத்து என்பதால் விமானியைக் காது கேளாத ஊமை என்று அடையாள அட்டையில் எழுதுவது. அமெரிக்க விமானிகள் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு நடக்கக்கூடாது, சூயிங்கம் மெல்லக்கூடாது, முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றிச் சாப்பிடக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பது. உடை அளவு, செருப்பு அளவு. படத்தில் லெஃபோர் நடக்க முடியாமல் ஒகுஸ்தேனின் காலணியை வாங்கிப் போட்டுக்கொள்ளும் காட்சிக்கு இங்கே எல்லோரும் சிரிப்பார்கள். பொருந்தாத செருப்போடு ராத்திரி மலையேறியவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். படத்தை இயக்கிய ஜெரார் உரி எதையும் இல்லாததிலிருந்து உண்டாக்கவில்லை. இருந்ததை எடுத்துத் திருப்பிப் போட்டார்.

டிசம்பர் 28, சற்று பின்

மேலே எழுதியதில் விட்டுப்போனது: சங்கிலி. படத்தில் பெயின்டரிடமிருந்து பொம்மலாட்டம் நடத்தும் தாத்தா-பேத்தியிடம், அங்கிருந்து மெர்சோ விடுதி நடத்தும் பெண்ணிடம், கன்னியாஸ்திரியிடம் என்று ஆட்கள் கைமாறிக்கொண்டே போகிறார்கள். ஒரு கண்ணிக்கு அடுத்த கண்ணியைத் தெரிந்தால் போதும், முழுச் சங்கிலி தெரியவே கூடாது. நிஜத்திலும் அப்படித்தான் வைத்திருந்தார்கள், சித்திரவதையில் ஒருவர் உடைந்தாலும் மற்றவர்கள் தப்பட்டும் என்று.

டிசம்பர் 29

மூன்று நாளாக ஆதரித்தே எழுதுகிறேன். இன்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். உங்கள் கேள்வியில் நீங்கள் சொல்லாத ஒன்று என்னை உறுத்துகிறது.

கதை நடப்பது 1942 கோடையில், பாரிஸில். அதே கோடையில், ஜூலை 16, 17 தேதிகளில், அதே பாரிஸில் சுமார் 13,000 யூதர்களை வீடு வீடாகப் போய்ப் பிடித்தார்கள். அவர்களில் 4,000க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பிடித்தது பிரெஞ்சு போலீஸ். பெரும் பகுதியினரை 'வெல் திவ்' சைக்கிள் பந்தய அரங்கத்தில் அடைத்து வைத்துப் பின் முகாம்களுக்கு அனுப்பினார்கள். படத்தில் இதன் நிழல்கூட விழவில்லை. காட்டிக் கொடுக்கிற பிரெஞ்சுக்காரரும் இல்லை. வழியில் சந்திக்கிற ஏறக்குறைய எல்லாப் பிரெஞ்சுக்காரரும் நல்லவர், கதவைத் திறக்கிறவர். நிஜத்தில் தப்பிக்கும் பாதைகளை உடைத்தது பெரும்பாலும் உள்ளே நுழைந்த துரோகிகள்.

1966 பிரான்ஸ் அப்படி நினைக்க விரும்பிய காலம். தெ கோல் ஜனாதிபதி. இரண்டு வருடம் முன்பு 1964 டிசம்பரில் எதிர்ப்பு இயக்கத் தலைவர் ழான் மூலானின் அஸ்தியை, நாட்டின் பெரியோரை அடக்கம் செய்யும் பாந்தியோனுக்குக் கொண்டு வந்து பெரிய அரச மரியாதை செய்திருந்தார்கள். நாடே எதிர்த்தது என்ற கதை எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. அதை உடைத்துப் பேசிய 'லு ஷக்ரேன் எ லா பித்தியே' என்ற ஆவணப்படத்தைப் பிரெஞ்சுத் தொலைக்காட்சி 1981 வரை ஒளிபரப்பவில்லை. பிரெஞ்சு அரசு செய்ததை ஒரு ஜனாதிபதி வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1995 வரை ஆனது.

ஆக, அவமரியாதை என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு நாட்டுக்கு மிகவும் வசதியான படம் இது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். பார்த்தவர்களில் எத்தனை பேர் 1942இல் கதவைத் திறந்திருப்பார்கள் என்ற கேள்வியை இந்தப் படம் கேட்பதில்லை.

டிசம்பர் 29, இரவு

மேலே உள்ளதை எழுதிவிட்டு நடந்துவிட்டு வந்தேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உரிக்கு அநியாயம்.

ஜெரார் உரி யூதர். போர் தொடங்கியபோது கொமெதி ஃபிரான்சேஸ் நாடகக் குழுவில் இளம் நடிகர். ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு 'விஷி' அரசின் யூத எதிர்ப்புச் சட்டங்களால் மேடை போயிற்று. பாரிஸை விட்டுத் தெற்கே போய், பின் ஜெனீவாவில் தங்கி உயிர் தப்பினார். அவருடைய மகள் தனியேல் தாம்சன் 1942 ஜனவரியில் மொனாக்கோவில் பிறந்தார். இந்தப் படத்தின் திரைக்கதையில் அப்பாவோடு சேர்ந்து எழுதியவர் அந்த மகள்தான். அப்பா ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்த குழந்தை, வளர்ந்து, அதே வருடத்தில் நடக்கும் ஓட்டக் கதையை அவரோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அடையாளத்தை மறைத்து, எந்தக் கதவு திறக்கும் என்று தெரியாமல் எல்லையை நோக்கிப் போவது என்றால் என்ன என்று உரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

ஏன் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை? என்னால் இதை மட்டும் சொல்ல முடியும்: ஏழு வருடம் கழித்து, 1973இல், இதில் லெஃபோராக நடித்த லூயி து ஃபுனேஸை வைத்து 'ராபி ஜக்கோப்' எடுத்தார். யூதர்களைப் பிடிக்காத ஒரு பிரெஞ்சுத் தொழிலதிபர் ராபி (யூத மதகுரு) வேஷத்தில் ஒளிய வேண்டி வருகிற கதை. 1966இல் தொடாததை அங்கே நேராகத் தொட்டார், அதுவும் சிரிப்பை வைத்தே. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க முடிந்தால் பாருங்கள். நான் பார்த்த பிறகு மேலே எழுதிய 'வசதியான படம்' என்பதைக் கொஞ்சம் மென்மையாகத்தான் சொல்லத் தோன்றுகிறது. வாபஸ் வாங்கவில்லை.

டிசம்பர் 30

நடிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லையே!

லூயி து ஃபுனேஸ் ஓப்பரா ஒத்திகையில் பெர்லியோஸின் இசையை நடத்துகிற காட்சியைப் பார்த்தீர்களா? கையை வீசிக் கோமாளித்தனம் செய்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார். தாளம் பிசகவில்லை. முன்னே இருப்பது நிஜ ஓப்பரா கட்டடம். அந்தக் காட்சியில் அவருடைய கைகளை மட்டும் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள். கைகள் நூறு சதவீதம் தீவிரம். இந்த மனிதர் போர்க்காலப் பாரிஸில் இரவு விடுதிகளில் ஜாஸ் பியானோ வாசித்துப் பிழைத்தவர். இசைக் காது இல்லாமல் அப்படி வராது.

ஒகுஸ்தேனாக நடித்த புர்வில் நேர் எதிர். நார்மண்டி விவசாயக் குடும்பம். குரலிலேயே ஓர் அடக்கம். படத்தில் பொம்மலாட்டப் பேத்தி ஜூலியெத்தைக் காதலிக்கிறான், அவள் கவனம் ஆங்கிலேயன் மேல் இருப்பது தெரிகிறது, ஒன்றும் சொல்லாமல் அவனையும் காப்பாற்றுகிறான். மற்றவர்கள் குட்டிக்கரணம் போடும் படத்தில் இவன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கண் கலங்கும்.

தோளில் ஏறும் காட்சி: சுவர்மேலிருந்து லெஃபோர் ஒகுஸ்தேனின் தோளில் இறங்கி உட்கார்ந்து, இறங்க மறந்தவர் போல் அப்படியே சவாரி போவார். படப்பிடிப்பின்போது தோன்றியதைச் செய்தார்கள். பெரிய மனிதர் உழைப்பாளியின் தோளில் உட்கார்ந்து போவது, அதுவும் சைக்கிள், செருப்பு எல்லாவற்றையும் ஏற்கெனவே அவனிடமிருந்து வாங்கிக்கொண்ட பிறகு! எதிரியிடமிருந்து தப்பும் நேரத்திலும் பிரான்சின் மேல்தட்டு-கீழ்த்தட்டு வித்தியாசம் மாறவில்லை என்பதை எழுதி வைக்காமலே சொல்லிவிட்டார்கள். படம் முடியும்போதுதான் லெஃபோர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டாளி ஆகிறார்.

ஜனவரி 2

விடுமுறையில் போன் ஊருக்குப் போய் வந்தேன். படத்தில் வரும் அங்குள்ள ஓஸ்பிஸ் மருத்துவமனை 1443இல் நிறுவப்பட்டது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ண ஓடுகள் வேய்ந்த கூரை. இப்போது அருங்காட்சியகம். வரிசையாகச் சுற்றுலாப் பயணிகள். ஆனால் படம் எடுத்தபோது அது இன்னும் நோயாளிகள் இருந்த மருத்துவமனை. 1970களின் தொடக்கம் வரை அப்படித்தான் இயங்கியது. அதனால் கன்னியாஸ்திரி மரி-ஒதில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து திராட்சை மது பீப்பாய்களோடு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போவது இந்த ஊர்க்காரர்களுக்கு அந்நியமாகத் தெரிந்திருக்காது. மதுவும் மருத்துவமனையும் இங்கே ஒன்று. திராட்சைத் தோட்டங்களின் வருமானத்தில்தான் அது நடந்தது.

ஊர்களைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை. எல்லைக்கோடு ஷலோன்-சுர்-சோன் வழியாகப் போனது. போனிலிருந்து அது சுமார் 30 கிலோமீட்டர். மெர்சோ அந்த வழியில் இருக்கிறது. தப்பிக்கிறவன் உண்மையிலேயே இந்தச் சாலைகளில் வந்திருப்பான். இன்னொன்று, படத்தின் முடிவில் அவர்கள் போய்ச் சேருகிற 'சுதந்திரப் பகுதி' அந்த வருடம் நவம்பர் 11 வரைதான் அப்படி இருந்தது. அன்று ஜெர்மன் படை அங்கேயும் நுழைந்துவிட்டது.

எங்கள் கட்டடத்தில் ஒரு பாட்டி இருந்தார். போர் நடந்தபோது சின்னப் பெண். ஒரு வருடம் அவர் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். விடுதிக் காட்சியில், கதவு எண் 6 தலைகீழாகி 9 ஆகி, லெஃபோர் ஜெர்மன் மேஜரின் படுக்கையிலேயே போய்ப் படுத்து அவருடைய குறட்டையோடு மல்லுக்கட்டும்போது பாட்டி கண்ணீர் வரச் சிரித்தார். சோதனைச் சாவடியில் காகிதங்களைக் கேட்கும் காட்சி வந்தது. பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். பாட்டி சிரிக்கவில்லை, கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. படத்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை அவர். அடுத்த காட்சியில் மறுபடி சிரித்தார்.

உங்கள் முதல் கேள்விக்கு நான் கொடுக்கக்கூடிய நேர்மையான பதில் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்கள் எந்த இடத்தில் சிரிப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று தாங்களே முடிவு செய்துகொண்டார்கள்.

ஜனவரி 3

"பிரான்சில் சாதாரண மக்கள் இந்தியர்களை இப்படி ஒளித்து வைத்தது உண்டா?" நல்ல கேள்வி, இதை அதிகம் பேர் அறியவில்லை.

உண்டு. கிழக்கு பிரான்சில் எப்பினாலில் இந்தியப் போர்க்கைதிகளின் பெரிய முகாம் இருந்தது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் வட ஆப்பிரிக்காவில் சண்டையிட்டுப் பிடிபட்டவர்கள் பலர். 1944 மே 11 அன்று அமெரிக்க விமானங்கள் எப்பினால் மேல் குண்டு போட்டன. முகாமிலும் விழுந்தது. கைதிகள் பலர் இறந்தார்கள். சுவர் உடைந்த வழியாக மற்றவர்கள் வெளியேறினார்கள். சுமார் 500 பேர் நடந்தே சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். முகத்தைப் பார்த்ததுமே வெளியூர் என்று தெரிந்துவிடும், பிரெஞ்சு தெரியாது. வழியிலுள்ள கிராம மக்கள் சோறு போட்டு, வைக்கோல் கொட்டகையில் படுக்க வைத்து, அடுத்த ஊருக்கு வழிகாட்டினார்கள்.

உதவிய ஊர்களில் ஒன்று எத்தோபோன். 1944 செப்டம்பர் 27 அன்று அந்தச் சின்னக் கிராமத்தின் ஆண்கள் 39 பேரை எதிர்ப்பு நடவடிக்கைகளுக்குப் பழிவாங்க ஜெர்மானியர்கள் பக்கத்து ஊரில் நிறுத்திச் சுட்டார்கள். இதைச் சிரிப்புப் படமாக எடுக்க முடியுமா என்றால் என்னால் முடியாது. யாராலும் முடியாது என்றும் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 5

முதலில் கேள்வி கேட்டவர் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. "பயந்தவர்களின் உதவி என்பதை ஏற்கிறேன், ஆனால் ஜெர்மானியர்களை இவ்வளவு முட்டாள்களாகக் காட்டியது பொய்" என்கிறார்.

அதில் உங்கள் பக்கம்தான் நான். மேஜர் அஹ்பாக் பாத்திரத்தை பென்னோ ஷ்டெர்சன்பாக் நன்றாகச் செய்திருக்கிறார், கத்தலில் ஒரு மிரட்டல் இருக்கிறது. ஆனால் கடைசியில் மாறுகண் சிப்பாய் ஒருவன் குறி தவறித் தங்கள் படையின் விமானத்தையே சுட்டு வீழ்த்துவது எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. உடல் குறையை வைத்து ஒரு சிரிப்பு. அதோடு, இவ்வளவு நேரம் இரண்டு சாதாரண மனிதர்கள் தங்கள் முயற்சியால் தப்பியதை அந்த ஒரு குண்டு தற்செயல் ஆக்கிவிடுகிறது. எஞ்சின் இல்லாத கிளைடரில் பறந்து தப்புவதே போதுமான முடிவு. புத்திசாலியான எதிரியிடமிருந்து தப்பியிருந்தால் ஒகுஸ்தேனின் மதிப்பு இன்னும் கூடியிருக்கும்.

புத்திசாலியான எதிரியைப் பார்க்க வேண்டுமானால் 1969இல் வந்த 'லார்மே தெ ஓம்பர்' பாருங்கள். எடுத்தவர் ழான்-பியேர் மெல்வில், அவரே எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். சிரிக்க ஒரு இடம் இல்லை. அதே மெல்வில் மறு வருடம் 'லு செர்க்ல் ரூழ்' படத்தில் புர்விலைப் போலீஸ் அதிகாரியாக நடிக்க வைத்தார். நோய் முற்றியிருந்த நேரம். படம் திரைக்கு வரும் முன்பே, 1970 செப்டம்பரில், 53 வயதில் புர்வில் இறந்துவிட்டார். உரி அடுத்து இவரையும் து ஃபுனேஸையும் மறுபடி சேர்த்து ஒரு படம் எடுக்க இருந்தார். அந்த வேடத்தில் ஈவ் மோந்தான் நடித்தார்.

ஜனவரி 6

கடைசியாக வந்த கேள்விக்குப் பதில்: பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்டலாம். ரத்தம் இல்லை, ஆபாசம் இல்லை. இரண்டு மணி நேரம் போகும், இடையில் ஒரு முறை நிறுத்திக்கொள்ளுங்கள். 2016இல் ஐம்பதாம் ஆண்டுக்காகச் சீரமைத்த பிரதி கிடைத்தால் அதையே வாங்குங்கள், கிளோத் ரெனுவார் ஒளிப்பதிவில் பர்கண்டி நிலம் அதில் நன்றாகத் தெரியும். படம் முடிந்ததும் அந்த 1941 சுவரொட்டியைப் பிள்ளையிடம் காட்டுங்கள். முன்னால் காட்ட வேண்டாம்.

ராபி ஜக்கோப்புக்குத் தனி இழை தொடங்கச் சொன்னவர்களே, நீங்கள் தொடங்குங்கள், நான் அங்கே வருகிறேன்.